சுவரில் அறக்கொட்டியான்

இந்த வீட்டுச் சுவர்களில் நான் அடித்த ஆணிகள் மொத்தம் ஏழு. இருபத்தெட்டு வருடம் குடியிருந்த வீட்டில் ஒரு மனிதன் ஏழு ஆணி அடித்ததைப் பெரிய விஷயமாகச் சொல்லத் தேவையில்லைதான். முதல் இருபத்தேழு வருடத்தில் ஒன்றுகூட அடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் விளங்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் மகளின் பெயரில் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வேறு ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பண்ணுவார்களாம். இங்கே எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள். ஆரை ஆர் கேலி பண்ணுவது? நான் கதிரவெளியில் கடலடியில் பிறந்தவன். ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாக வாவிக்கரையில் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் கிழமை, முகம் பார்க்கிற கண்ணாடியை மாட்டலாமென்று சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். பின்வளவிலிருந்து மாமியின் குரல் வந்தது. எங்கள் வழக்கத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் நின்று பேசமாட்டா. மகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுவா. அது மருமகனின் காதில் விழவேண்டும்.

"புள்ள, ஆணி அடிச்சா சுவர் வெடிச்சிரும் எண்டு சொல்லு கா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். கண்ணாடியை யன்னல் படியில் சாய்த்து வைத்து, கொஞ்சம் குனிந்து நின்று சவரம் செய்தேன். அடுத்த இருபத்தேழு வருடமும் அப்படிக் குனிந்துதான். மாமி கெட்டவ என்று யாரும் நினைக்கக்கூடாது. மீன் ஆக்கினால் நடுத்துண்டு எனக்குத்தான் வரும். காய்ச்சல் என்று படுத்தால் கொத்தமல்லித் தண்ணி என் கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வந்திருக்கும். சுவர் ஒன்றுதான் எனக்கில்லை.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். மூன்று ஊர்களுக்கும் அவற்றின் வயல்களுக்கும் நான் பொறுப்பு. வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் போவதும், வரம்பில் நின்று சொன்னதையே திரும்பச் சொல்வதும்தான் வேலை. நெல்லில் பூச்சி விழுந்தால் முந்தி ஆளனுப்புவார்கள். பிறகு போன் எடுத்தார்கள். கடைசிக் காலத்தில் கைபேசியில் மங்கலான ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "இது என்ன சேர்? என்ன அடிக்க?" என்று கேட்டார்கள். மருந்தைச் சும்மா அடிக்காதீர்கள், மேலால் பாராமல் கதிரை விலக்கி அடியைப் பாருங்கள், தண்ணீரை வற்றவிடுங்கள் என்று ஒவ்வொரு போகத்திலும் சொல்வேன். ஒவ்வொரு போகத்திலும் நான் அந்தப் பக்கம் திரும்பின உடனே மருந்து அடித்தார்கள். ஊரில் எனக்குப் பூச்சி ஐயா என்று பெயர். அந்தப் பெயரில் மரியாதை எவ்வளவு, பகிடி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் மினக்கெட்டதில்லை.

பிறகு அந்த ஏழு ஆணிகளில் தொங்கிய பூச்சிப் படங்கள் எனக்குக் கந்தோரில், வேலை பார்த்த அலுவலகத்தில், கிடைத்தவை. களஞ்சிய அறைக்கு வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டபோது, வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய புத்தகம் ஒன்று முற்றத்தில் கிடந்தது. எழுத்துத் தாள்களைக் கறையான் அரித்து மண்ணாக்கியிருந்தது. படத்தாள்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. தடித்த தாள், ஓரமெல்லாம் தேயிலைச் சாய நிறம். ஒவ்வொரு படத்துக்கும் மேலே மெல்லிய தாள் ஒன்று முகத்திரைபோலக் கிடந்தது. பூச்சியைப் பற்றிய புத்தகத்தைப் பூச்சி தின்றது எனக்கு அதிசயமில்லை. படங்களை விட்டுவைத்ததுதான் அதிசயம். எரிக்கப் போகிறார்கள் என்றதும் முறைப்படி ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவற்றில் என்ன கண்டேன் என்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லலாம். வயலில் ஒரு பூச்சியைக் கண்டால் எனக்கு அது வேலை. அறிக்கை எழுதவேண்டும், கூட்டம் போடவேண்டும், ஏச்சுக் கேட்கவேண்டும். அந்தத் தாளில் பூச்சி சும்மா இருந்தது. எவனோ ஒருவன் அதன் காலில் உள்ள மயிரைக்கூட எண்ணி எண்ணி வரைந்திருந்தான். பக்கத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று அதன் சீவியம் முழுவதும். ஆரும் என்னிடம் மருந்து கேட்கவில்லை.

படங்களைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். மாட்டும் எண்ணமே வரவில்லை. மாமி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, போன வருடம், நான் ஓய்வு பெற்றேன். மோட்டார் சைக்கிளைக் கொட்டிலில் விட்டுவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்படி இருந்து பார்த்தபோதுதான் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ பொலித்தீனை அவிழ்த்தேன்.

"இஞ்ச, சுவரில நாலஞ்சு ஆணி அடிக்கட்டா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க?"

"உன்ர வீடுதானே."

"அடிங்க," என்றாள். "அம்மாவும் இப்ப இல்ல."

பட்டணத்தில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கடையில் சாமிக்கும் செத்தவருக்கும் கலியாணத்துக்கும் பட்டமளிப்புக்கும்தான் இதுவரை கண்ணாடி போட்டதாகச் சொன்னார். "இது என்ன வேண்டுதல் சேர்?" என்றும் கேட்டார். கறுத்தச் சட்டமா, மரநிறச் சட்டமா என்று முடிவெடுக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. என் சீவியத்தில் அப்படியொரு முடிவை நான் எடுத்ததே இல்லை. மரநிறம்தான் எடுத்தேன். வாவிக்காற்றின் ஈரம் ஏறாமல் பின்பக்கத்தை நன்றாக ஒட்டித் தரச் சொன்னேன்.

முதல் ஆணியை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுத்தியலில் துணியைச் சுற்றித்தான் அடித்தேன். சுவர் வெடிக்கவில்லை. ஒரு சிட்டிகைப் பூச்சுத்தான் உதிர்ந்தது. சுத்தியலைப் பிடித்தபடி பின்வளவுப் பக்கம் காது கொடுத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அந்தக் குரல் இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது.

அதற்குப் பிறகு மனைவியும் உள்ளே இறங்கிவிட்டாள். என்னட்ட ஏன் கேக்கிறீங்க என்றவள் எதை எங்கே மாட்டுவது என்று சட்டம் போடத் தொடங்கினாள். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பூச்சியும் கூடாது என்றாள். பிறகு கும்பிடுபூச்சியை மட்டும் விட்டாள். அது கும்பிட்டுக்கொண்டுதானே நிற்கிறது என்று. சாப்பாட்டு மேசைக்கு மேலே வண்ணாத்திப்பூச்சி இரண்டு. தென்னையைத் துளைக்கிற கருவண்டு சமைக்கிற குசினிக்குப் போகிற வழியில். தும்பி வாசலில். தண்டு துளைப்பான் புழுவின் தாய், வைக்கோல் நிறத்தில் சிறகுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைத்த அந்துப்பூச்சி, ரியூப் லைற்றுக்குக் கீழே. அதுதான் பிழையாய்ப் போயிற்று. விளக்கைப் போட்டால் பல்லி வந்து அந்தக் கண்ணாடியில் முட்டும், வழுக்கும், திரும்ப வந்து முட்டும்.

"பல்லிக்கும் உங்களுக்கும்தான் இந்தப் படங்கள் பிடிச்சிரிக்கு," என்றாள் மனைவி. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

ஏழாவது படத்தை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது மாட்டினேன். மண்டபத்தின் நடுச்சுவர், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். எல்லாவற்றிலும் வடிவான படம் அது. கபில நிறத்தில் கண்ணாடிபோன்ற சிறகு, அதில் நரம்பு நரம்பாகக் கோடு. பூச்சியைக் கையளவு பெருப்பித்து வரைந்து, பக்கத்தில் அரிசி மணியின் பாதிகூட வராத ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். அசல் நீளம் இவ்வளவுதான் என்று காட்டுவதற்கு.

அவள் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, வடிவாயிரிக்கு?" என்றாள்.

எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. "அறக்கொட்டியான்," என்றேன். சொன்னதோடு நிறுத்தவுமில்லை. கூட்டத்தில் பேசுகிறவன்போல, அது நெல்லின் அடியில் தண்ணீருக்கு மேலே இருந்து சாற்றை உறிஞ்சுவதையும், சாப்பாடு குறைந்தால் சிறகு முளைத்து அடுத்த வயலுக்குப் பறப்பதையும் விரலால் காட்டிக் காட்டி விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள். கையிலிருந்த பூசைத்தட்டை இறக்கி வைக்கவில்லை.

"என்ர சுவரில இது வேணாம்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிழையை வேறெந்தப் புருசனும் விடமாட்டான், பூச்சி ஐயாதான் விடுவான்.

அவளுக்குச் சீதனமாக வந்த வயல் படுவான்கரையில் ஒரு வட்டையில், பெரிய வயல்வெளியில், இருக்கிறது. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு பெரும்போகத்தில், அந்தப் பக்கமெங்கும் அறக்கொட்டியான் என்று கதை வந்தது. நான் வயல் வயலாக ஓடினேன். மனைவி மூன்று தரம் சொன்னாள்: "எங்கட வயலையும் ஒருக்கா இறங்கிப் பாருங்க." நான் நாலாம் நாள் அந்த வழியால் போனபோது, மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, வரம்பில் நின்றபடியே பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருந்தது. சேறு காலில் படவேண்டாமென்று இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்து சொன்னேன். பத்து நாளில் வயல் வட்டம் வட்டமாக எரிந்தது, நெருப்பு வைத்த மாதிரி. மேலால் பாராமல் அடியைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சொந்த வயலுள்ள பெண் அந்த வருடம் முழுவதும் கடை அரிசி ஆக்கினாள். தைப்பொங்கலுக்கும் கடை அரிசிதான். பானை பொங்கிவரும்போது எல்லாரும் கிழக்கே பார்க்க, அவள் மட்டும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை.

படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். ஆணியைப் பிடுங்க மனம் வரவில்லை. நடுச்சுவரில் அது வெறுமனே நின்றது.

இந்த வருடம் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளைக்குப் பெரியகல்லாறு ஊர். வீடு, வளவு, வயல் எல்லாவற்றையும் மகளின் பெயரில் எழுதினோம். உறுதியில் கையெழுத்து வைக்கும்போது மனைவியின் கை நிதானமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் வீட்டுச் சாவியை மடியில் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்துக்கு முன் என்ர சுவர் என்று சொன்னவளுக்கும் அதற்குமேல் சுவர் இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கலியாணத்துக்கு முன் வீடு முழுவதற்கும் வெள்ளைப் பெயின்ற் அடிக்கவேண்டும் என்றாள் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். சொல்லவேண்டியதை நோகாமல் சொல்லத் தெரியும்.

"அப்பா, இந்தப் பூச்சிப் படங்கள நீங்களே பின்வீட்டுக்குக் கொண்டு போங்களன். கலியாணத்துக்கு வாற சனம் பாத்துச் சிரிக்கும்."

"ஓம் மகள்," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆறு படங்களையும் கழற்றினேன். பெயின்ற் அடிக்கிறவர் ஆணிகளைப் பிடுங்கி ஓட்டையை அடைக்கட்டா என்று கேட்டார். "கிடக்கட்டும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குக் காரணம் தெரியாது. அவர் ஆணிகளுக்கு மேலாலேயே வெள்ளையை அடித்துவிட்டுப் போனார்.

பின்வீடு இரண்டு அறை. மேலே கூரைச் சீற், சுவர் பூசாத சீமெந்துக்கல். மாமி அதற்குள் இருபத்தைந்து வருடம் இருந்தா. சாமான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிடுபூச்சிக்கு ஒரு ஆணி அடிக்கப் பார்த்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணிக்குக் கல் பொருபொருவென்று கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். செத்துப்போன மாமாவின் படம் யன்னல் கம்பியில் மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டித் தொங்கியது. மாமி கட்டியது. எத்தனையோ தரம் வெளியே நின்று அதைக் கண்டிருக்கிறேன். ஏன் கம்பியில் கட்டியிருக்கிறா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புருசனின் படத்தை மாட்ட அவவுக்கும் ஒரு சுவர் இருக்கவில்லை. கட்டி வளர்த்த சுவரை எங்களுக்குத் தந்துவிட்டு, அது வெடிக்காமல் இருக்கவேண்டுமென்று பின்னாலிருந்து காவல் காத்திருக்கிறா. நான் அவவை மனதுக்குள் எவ்வளவு ஏசியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் இப்போது ஆளில்லை.

மாமாவின் படத்தை மகள் கேட்டு வாங்கி முன்வீட்டுக்குக் கொண்டுபோனாள். கம்பியில் நூல் மட்டும் தொங்கியது. என்னுடைய படங்கள் ஏழும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் காலமை, தேங்காய் ஒன்று கேட்டு மனைவி என்னை முன்வீட்டுக்கு அனுப்பினாள். பின்கதவால் கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். மருமகன் மண்டபத்தில் தனியே நின்றார். அன்பளிப்பாக வந்த மூன்று மணிக்கூடுகளில் ஒன்று அவருடைய கையில் இருந்தது. சுவரைப் பார்க்கிறார், மணிக்கூட்டைப் பார்க்கிறார். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு.

"மாமா, சுத்தியல் ஒண்டு இரிக்கா?"

நான் வாயைத் திறக்க முந்திக் குசினியிலிருந்து மகளின் குரல் வந்தது. புதுப் பொம்பிளை, புருசனுக்கு நேரே சொல்ல அவளுக்கும் கூச்சம்.

"அப்பா, ஆணி அடிச்சா சுவர் வெடிச்சிரும் எண்டு சொல்லுங்க."

அச்சொட்டாக அதே சொல், அதே இழுப்பு. மருமகன் மணிக்கூட்டைக் கீழே இறக்கினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல பிள்ளை. நானும் அன்றைக்கு ஒன்றும் காட்டவில்லை.

"அடிக்கத் தேவல்ல தம்பி," என்றேன். "ஆணி கிடக்கு."

நடுச்சுவரில் கையால் தடவிக் காட்டினேன். வெள்ளைக்குள் வெள்ளையாக அது நின்றது. அவர் மணிக்கூட்டை மாட்டி, எட்ட நின்று பார்த்து, கிட்டப் போய்ச் சரிக்கட்டி, திரும்ப எட்ட நின்று பார்த்தார். "இன்னும் ஆறு கிடக்கு," என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

தேங்காயோடு பின்வீட்டுக்கு வந்தேன். சந்தோசமா, கவலையா என்று கேட்டால் களைப்பு என்றுதான் சொல்வேன். மனைவி யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். விலகியபோது பார்த்தேன். மாமாவின் படம் தொங்கிய கம்பியில் அறக்கொட்டியான்.

"இது என்ர வீடுமில்ல, உங்கட வீடுமில்ல," என்றாள். "கம்பியில கிடந்திட்டுப் போகட்டும்."

பிறகு கிட்டக் குனிந்து, அந்தச் சின்னக் கோட்டில் விரலை வைத்தாள்.

"இது என்ன கோடு?"

"அதுதான் பூச்சியின்ர அசல் நீளம்."

"இவ்வளவுதானா?"

"ஓம்."

"இவ்வளவு சின்னனா?" என்றாள் இன்னொரு தரம். அவள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. எரிந்த வயலைத்தான் கண்டவள்.

"நான் அண்டைக்கு இறங்கிப் பாத்திருக்க வேணும் புள்ள," என்றேன். இருபது வருடத்துக்கு மேலாக வாய்க்குள் கிடந்த சொல்.

அவள் விரலை எடுக்கவில்லை. "ஓம்," என்றாள். "பாத்திருக்க வேணும்."

என் கையிலிருந்த தேங்காயை வாங்கிக்கொண்டு துருவப் போனாள். நூல் ஒரு பக்கம் நீளம் காணாமல் படம் கொஞ்சம் சரிந்து தொங்கியது. நான் அதைத் திருத்தவில்லை.